அம்மை வராதவர் சீரத்திலும் எலைசா தட்டு மஞ்சளாகிறது: ஈ.கோலை ஜிஇ புரதத்தில் என்ன கோளாறு?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்கிறேன். ஆறு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த சீனியர் அக்கா படிப்பை முடித்துக்கொண்டு போன மாதம் கிளம்பிவிட்டார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உள்ள நர்சிங் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த 84 பெண்களில் யாருக்குச் சின்னம்மை வைரஸுக்கு ஆன்டிபாடி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லாதவர்களுக்கு வார்டுக்குள் விடும் முன் தடுப்பூசி போடப் போகிறார்கள். ரெடிமேட் கிட் வாங்கப் பணம் போதவில்லை. புரதத்தை மட்டும் வாங்கி நாமே எலைசா தட்டில் பூசிக்கொள்ளலாம் என்று முடிவானது. தட்டின் குழிகளில் வைரஸ் புரதத்தைப் பூசி, சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டால், ஆன்டிபாடி இருப்பவரின் குழி மட்டும் மஞ்சளாக வேண்டும்.

வாங்கியது வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸின் (சின்னம்மையையும் பின்னாளில் அக்கியையும் தருவது இதுதான்) ஜிஇ கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரை ஒட்டிய புரதம். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது, 100 மைக்ரோகிராம் குழாய். கூட வந்த தாளில் "அமினோ அமிலம் 48 முதல் 135 வரை, ஜிஎஸ்டி டேக், தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்" என்று இருக்கிறது. டேக் என்பது புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டிவைக்கும் கைப்பிடி. இந்த வைரஸ் புகுந்த செல்லின் மேற்பரப்பில் மிக அதிகமாக உட்கார்ந்திருப்பது ஜிஇதான் என்று படித்தேன், அக்கித் தடுப்பூசியிலும் அதே புரதம்தான். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

செய்முறை: பிஎச் 9.6 கார்பனேட் பஃபரில் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம், குழிக்கு 100 மைக்ரோலிட்டர், ராத்திரி முழுக்க 4 டிகிரியில். மறுநாள் 3 சதவீத பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதத்தில் பிளாக்கிங் (குழியின் வெற்றிடத்தை மூடுவது). சீரம் 100 மடங்கு நீர்த்தது. பிறகு எச்ஆர்பி நொதி ஒட்டிய ஆன்டி ஹியூமன் ஐஜிஜி (சீரத்தின் ஐஜிஜி வகை ஆன்டிபாடியைப் பிடிப்பது), நிறம் தரும் டிஎம்பி, அமிலம், 450 நானோமீட்டரில் வாசிப்பு.

"சின்னம்மை வந்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்த 52 பேருக்கு ஓடி (மஞ்சளின் அடர்த்தி) 0.4 முதல் 1.6 வரை. "வரவே இல்லை" என்ற 19 பேருக்கு 0.5 முதல் 1.4 வரை. ஞாபகமில்லை என்ற 13 பேரும் இதே கூட்டத்துக்குள்தான் விழுகிறார்கள். சீரம் போடாத குழி 0.06, ஆகவே தட்டு சுத்தம். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. போன மாதம்தான் அம்மை இறங்கிய ஒரு பெண் இருக்கிறாள், நெற்றியில் தழும்பு இன்னும் ஆறவில்லை. அவளுடைய சீரம் 0.38 காட்டுகிறது! அம்மையே வராதவளைவிட அம்மை வந்தவளுக்குக் குறைவு.

பிளாக்கிங்கைப் பால்பவுடருக்கு மாற்றினேன். சீரத்தை 400 மடங்கு வரை நீர்த்தேன். ட்வீன் என்ற சோப்புத்திரவத்தைக் கூட்டினேன், ஐந்து முறை கழுவினேன். எல்லாம் சேர்ந்து இறங்குகிறது, சேர்ந்து ஏறுகிறது. பிரியவே மாட்டேன் என்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு, இது சொந்த விஷயம். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது பாட்டிக்கு முதுகிலிருந்து விலா வரை அக்கி. மானாமதுரையில் ஒரு வேளாரிடம் கூட்டிப்போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தோம். கொப்புளம் காய்ந்தது, வலி மட்டும் போகவில்லை. சேலைத்தலைப்பு பட்டாலே துடிப்பார். இரண்டு வருடம் அந்த வலியோடு இருந்து போய்ச் சேர்ந்தார். இப்போது அம்மாவுக்கு 57. இந்தத் தட்டு சரியாகிவிட்டால், அதில் அம்மாவின் ஆன்டிபாடி அளவைப் பார்த்து அவருக்கு அக்கி வருமா வராதா என்று சொல்ல முடியுமா?

---

கண்ணாடிக்குடுவை

மகளே, வைராலஜி லேபில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உன் கை சுத்தமாக இருக்கிறது. கோளாறு உன் கையில் இல்லை, குழாய்க்குள் இருக்கிறது.

முதலில் அந்தத் தாளை எடுத்துக் கணக்குப் போடு. ஜிஇ முழுப்புரதம் 623 அமினோ அமிலம். 48 முதல் 135 வரை என்றால் 88. ஏழில் ஒரு பங்குதான் உன் கையில் இருக்கிறது. 88 அமினோ அமிலத்தின் எடை சுமார் 10 கிலோடால்டன். ஜிஎஸ்டி டேக் மட்டும் 26 கிலோடால்டன். ஆக, நீ தட்டில் பூசியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டேக்தான். வைரஸ் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. ஜிஎஸ்டி என்பது சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவின் நொதி, அம்மைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அடுத்தது 95 சதவீதத் தூய்மை. மீதி 5 சதவீதம் என்ன? ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள். அந்தக் கிருமி நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிறது. அதற்கு எதிரான ஐஜிஜி இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. 100 மடங்கு நீர்த்த சீரத்துக்கு அந்த 5 சதவீதம் தாராளமாகப் போதும். "வரவே இல்லை" என்ற பெண்ணின் குழி மஞ்சளானதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். நீ பார்த்துக்கொண்டிருப்பது அம்மை இல்லை, குடல்.

நெற்றித் தழும்புப் பெண்ணுக்கு ஏன் 0.38? ஜிஇ ஒரு கிளைக்கோபுரதம். நம் செல்லுக்குள் உருவாகும்போது மடிந்து, டைசல்பைடு பிணைப்பு போட்டு, சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டுதான் வெளியே வரும். ஈ.கோலைக்கு அந்தச் சர்க்கரையைக் கோர்க்கத் தெரியாது. பெரிய துண்டாகக் கொடுத்தால் சரியாக மடிக்கவும் முடியாமல் செல்லுக்குள்ளேயே உருண்டையாகக் குவித்து வைத்துவிடும். பிறகு அதை யூரியா போட்டுக் கரைத்து எடுப்பார்கள். உன் தாளில் பஃபர் என்ற வரியைப் பார். யூரியா என்று எழுதியிருந்தால் அந்தப் புரதம் விரிந்த நிலையிலேயே உனக்கு வந்திருக்கிறது. அம்மை வந்தவரின் ஆன்டிபாடிகளில் நிறைய, மடிந்த வடிவத்தைப் பார்த்துப் பிடிப்பவை. சேலையை மடிப்பு வைத்துக் கட்டியிருந்தால்தான் முந்தானை எது என்று தெரியும், அவிழ்த்துக் கொடியில் போட்டால் எங்கே தேடுவது?

எங்கள் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல் இருந்தது. வைரஸையே வளர்த்து ஆன்டிஜென் எடுப்போம். எம்ஆர்சி 5 என்ற மனிதச் செல்லில் வளரும், ஆனால் ஊடகத்துக்குள் வெளியே வராது. மற்ற வைரஸ்களில் மேலே உள்ள திரவத்தை உறிஞ்சி அடுத்த குடுவையில் விட்டால் போதும். இது அப்படி இல்லை. செல்லுக்குச் செல் மட்டும் பரவும். நோயுற்ற செல்களையே டிரிப்சின் போட்டுப் பிரித்து, புதுச் செல்களோடு கலந்து வளர்க்க வேண்டும். காரணம் பின்னால்தான் தெரிந்தது. வைரஸ் துகளின் கிளைக்கோபுரதங்களில் மேனோஸ் 6 பாஸ்பேட் இருக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி, புதிதாகப் பிறந்த துகள்களை வாசலுக்கு அனுப்பாமல் செல்லின் செரிமான அறைக்குத் திருப்பிவிட்டுவிடுகிறது. தோலின் மேலடுக்குச் செல்களில் அந்த ஏற்பி குறைந்துவிடும். அதனால்தான் அம்மைக் கொப்புளத்து நீரில் மட்டும் வைரஸ் தாராளமாக மிதக்கிறது. இதைப் படித்த அன்று எத்தனை குடுவைகளைத் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செல்களை வைத்துத்தான் ஃபாமா என்ற சோதனை, 1974ல் வந்தது. உயிருள்ள நோயுற்ற செல்லின் மேல் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயத்தோடு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. செல்லின் மேல் புரதம் இயற்கையாக எப்படி நிற்குமோ அப்படியே நிற்கும். இன்றும் மற்றச் சோதனைகளை அதோடு வைத்துத்தான் உரைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் 84 பேருக்கு அதைச் செய்தால் கண் போய்விடும்.

இனி ஒன்று சொல்கிறேன், மனதில் வை. பல வருடம் முன்பு, உன்னைப் போலவே ஈ.கோலையில் செய்த ஒரு புரதத்தை வைத்து நான் ஒரு தட்டு ஓட்டினேன். ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு ஸ்டாஃப் நர்ஸ், அக்கி வந்த நோயாளியின் பக்கத்தில் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்திருந்தாள். ஆன்டிபாடி இருக்கிறதா என்று கேட்டார்கள். தட்டு மஞ்சள். "இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அவள் உடம்பு முழுக்க முத்து, கூடவே நிமோனியா. இல்லை என்று எழுதியிருந்தால் 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருப்பார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஆனாலும் அந்த ரிப்போர்ட்டின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இந்தச் சோதனையில் "இல்லாததை இருக்கிறது என்பது" எவ்வளவு பெரிய தவறு என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். இருப்பதை இல்லை என்று சொன்னால் ஒரு ஊசி வீணாகும், அவ்வளவே.

நாளைக்கே இதைச் செய். வெறும் ஜிஎஸ்டியை, உன் துணுக்கு இல்லாமல், அதே ஈ.கோலையில் செய்து பக்கத்துக் குழியில் அதே அளவு பூசு. ஒவ்வொரு சீரத்தையும் இரண்டிலும் விடு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. மிஞ்சுவதைச் சொல். சீரத்தை நீர்க்கும் பஃபரில் வெறும் ஈ.கோலை லைசேட் (உடைத்த செல்களின் சாறு) கலந்து, ஈ.கோலை ஆன்டிபாடிகள் அதிலேயே ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டில் விட்டும் பார்.

அப்புறம், அந்தப் படிவத்தில் கேள்வியை எப்படிக் கேட்டாய்? "சிக்கன் பாக்ஸ் வந்ததா" என்றா?

---

வைகைக்கரை

அம்மா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். பஃபர் வரியைப் பார்த்தேன். யூரியா இருக்கிறது. அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

படிவத்தில் "உங்களுக்குச் சின்னம்மை (சிக்கன் பாக்ஸ்) வந்துள்ளதா" என்றுதான் கேட்டிருந்தோம்.

வெறும் ஜிஎஸ்டி பக்கத்து லேபில் கிடைத்தது. நேற்று 20 சீரம் மட்டும் ஓட்டினேன். "வரவே இல்லை" என்ற பத்துப் பேரில் ஏழு பேருக்கு, வெறும் ஜிஎஸ்டி குழியும் ஏறக்குறைய அதே அளவு மஞ்சள். கழித்தால் 0.1க்குக் கீழே போகிறது. கையில் தட்டை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஆனால் "வந்திருக்கிறது" என்ற பத்துப் பேரிலும் நாலு பேர் கழித்த பிறகு அதே இடத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். தழும்புப் பெண் 0.12.

---

பனங்கொட்டை

தங்கச்சி, நான் ரொறன்ரோவில ஒரு புரத ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன். சொந்த ஊர் பருத்தித்துறை. எங்கட பக்கம் இந்த வருத்தத்தைக் கொப்பளிப்பான் எண்டு சொல்லுவம். ஹேர்பீஸ் குடும்ப வைரஸுகளின்ர கிளைக்கோபுரதங்களைத்தான் ஒன்பது வருசமாச் செய்யிறன், அதால இதுக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரேல்லை.

அம்மா சொன்னது முழுக்கச் சரி. கழிச்சுப் பாத்தால் பொய்யான மஞ்சள் போகும். ஆனால் இல்லாத வடிவத்தைக் கழிச்சுக் கொண்டுவர ஏலாது. அந்த 88 துண்டை விட்டிட்டு, மனிசச் செல்லில செய்த ஜிஇக்குப் போங்கோ.

நாங்கள் செய்யிற விதம் இது. ஜிஇயின்ர முதல் 30 அமினோ அமிலம் சமிக்ஞைத் துண்டு, செல் அதை வெட்டிப்போடும். 540க்குக் கிட்ட சவ்வுக்குள்ள புதையிற பகுதி தொடங்குது. அதுக்கு முன்னால நிப்பாட்டிப்போட்டால் புரதம் சவ்வில ஒட்டாமல் ஊடகத்துக்குள்ள சுரந்து வரும். வால்ப்பக்கத்தில ஆறு ஹிஸ்டிடின் மட்டும். ஹெக் 293 எண்ட மனிசச் செல்லில ஐந்து நாள், பிறகு ஊடகத்தை எடுத்து, ஹிஸ்டிடினைப் பிடிக்கிற நிக்கல் கொலத்தில (வடிகுழாயில) விடுறது. அக்கித் தடுப்பூசிக்காரரும் இதே யோசனையைத்தான் பிடிச்சவை. 546வது அமினோ அமிலத்தோட வெட்டி, சவ்வுப் பகுதியையும் வாலையும் எடுத்துப்போட்டு, சீன வெள்ளெலியின்ர சூலகச் செல்லில செய்யினம். ஒரு ஊசிக்குள்ள 50 மைக்ரோகிராம் ஜிஇ. வைரஸ் ஒண்டுகூட இல்லை.

கையில வந்த புரதம் நல்லதோ எண்டு பாக்க ஒரு சின்ன வழி. புரதத்தை எடைப்படி பிரிக்கிற ஜெல்லில ஓட்டினால், வெறும் அமினோ அமிலக் கணக்குக்கு வாற இடத்தை விட மேல, அகலமா மங்கலா ஒரு பட்டை நிக்க வேணும். அந்த மங்கல்தான் சர்க்கரை. பிஎன்கேஸ் எஃப் எண்ட சர்க்கரை வெட்டுற நொதியைப் போட்டு ஓட்டினால் பட்டை கீழ இறங்கும். ஊசி மாதிரி மெல்லிய கோடு நிண்டால் எனக்குச் சந்தேகம் வரும். ஈ.கோலைச் சரக்கு எப்பவும் வடிவான மெல்லிய கோடாத்தான் நிக்கும், பாத்து ஏமாறாதேங்கோ.

காசைப் பற்றிச் சொல்லுறன். ஹெக் புரதம் விலை கூடத்தான். ஆனால் நல்ல புரதம் மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் போதும், அப்ப ஒரு குழிக்கு 0.1 மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராமில 500 குழி வரும். உங்கட 84 பேரை இரண்டிரண்டு குழியாப் போட்டாலும் 168தான். மிச்சம் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜிஇக்கு ஒரு கள்ளப் பழக்கம் இருக்கு. அது ஐஜிஜியின்ர எஃப்சி வாலைத் தானே பிடிக்கும். செல்லின்ர மேல ஜிஐ எண்ட இன்னொரு புரதத்தோட சேர்ந்து இருந்து இந்த வேலையைச் செய்யும், ஆன்டிபாடியின்ர வாலைப் பிடிச்சு அதைச் செயலிழக்கப் பண்ணுறதுக்கு. உங்கட 88 துண்டில அந்தக் கவலை பெரிசா இல்லை, முழு வெளிப்பகுதியில இருக்கு. அதால புற்றுநோய்ப் பிரிவில குப்பியில மிஞ்சின ரிட்டுக்சிமாப் எண்ட ஆன்டிபாடி மருந்து ஒரு சொட்டு கேட்டு வாங்குங்கோ. அது ஐஜிஜி1, ஆனால் அம்மைக்கு எதிரானதில்லை. சீரத்தில ஐஜிஜி இருக்கிற அளவுக்கு நீர்த்து ஜிஇ குழிக்குள்ள விடுங்கோ. மஞ்சள் வந்தால் வாலைப் பிடிக்குது எண்டு அர்த்தம். வராட்டி நிம்மதியா மற்ற வேலையைப் பாருங்கோ.

இதே வைரஸின்ர ஜிபி எண்ட இன்னொரு புரதத்தைப் பூசுவம் எண்டு ஆரும் சொன்னால் வேண்டாம். அது வாய்ப்புண் வைரஸின்ர ஜிபியோட ஏறக்குறைய பாதி ஒற்றுமை. வாய்ப்புண் வந்தவையின்ர ஆன்டிபாடி அதில போய் ஒட்டலாம். ஜிஎச் எண்ட மற்றப் புரதமெண்டால் தனியச் செய்ய ஏலாது, ஜிஎல் எண்ட துணைப்புரதம் கூட இருந்தால்தான் அது ஒழுங்கா மடிஞ்சு வெளியில வரும். ரெண்டையும் ஒரே செல்லில சேர்த்துச் செய்ய வேணும். நான் அதில ஒரு வருசம் துலைச்சனான்.

---

வார்டு ரவுண்ட்ஸ்

சகோதரி, தட்டு விஷயத்தில் மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் வருகிறேன். நான் தோல் மருத்துவன்.

முடியாது. ஆன்டிபாடி அளவை வைத்து அக்கி வருமா என்று சொல்ல முடியாது. சின்னம்மை இறங்கிய பிறகு வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதை அங்கேயே அடக்கி வைப்பது முக்கியமாக டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். வயதாக ஆக அந்த டி செல் காவல் தளர்கிறது, ஆன்டிபாடி அப்படியே இருந்தாலும். உங்கள் பாட்டிக்கு அக்கி வந்த அன்று இந்தத் தட்டில் சோதித்திருந்தால் நல்ல மஞ்சளாகவே இருந்திருக்கும்.

டி செல்லைப் பார்க்கும் சோதனைகள் உண்டு. ஆனால் உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் ஈ.கோலை புரதத்தைத் தயவுசெய்து அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஒட்டிக்கொண்டிருக்கும், யாருடைய செல்லானாலும் கூச்சல் போடும்.

அம்மாவுக்கு 57 என்றால் சோதனையே தேவையில்லை, தடுப்பூசி போடுங்கள். பழைய உயிருள்ள அக்கித் தடுப்பூசி 2005ல் வந்த பெரிய ஆய்வில் 51.3 சதவீதம் காத்தது. அதில் இருந்தது ஜப்பானில் தகஹாஷி, ஓகா என்ற குடும்பப்பெயர் கொண்ட சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்துப் பலவீனப்படுத்தி 1974ல் அறிவித்த அதே வைரஸ். இந்த ஜிஇ புரத ஊசி, 2015ல் வெளியான ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 97.2 சதவீதம், அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் 70க்கு மேற்பட்டவர்களிடம் 89.8 சதவீதம். ஒரே ஒரு புரதம், முழு வைரஸை விட நன்றாக வேலை செய்தது. கூடவே சேர்க்கும் துணைமருந்துக்கும் அதில் பெரும் பங்கு. அதில் ஒன்று சிலி நாட்டு கியாஜா மரப்பட்டையிலிருந்து வருகிறது. இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. போட்ட அன்று கை வலிக்கும், காய்ச்சலும் வரலாம், பயப்பட வேண்டாம்.

பாட்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவி எழுதியதால் எதுவும் கெட்டுவிடவில்லை. அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் முக்கியம், அதைத் தவறவிட்டதுதான் வருத்தம். என்னிடம் முதுகில் காவியோடு வருபவர்களை நான் திட்டுவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அதற்குமுன் இந்த மாத்திரையை இன்றே போடுங்கள் என்பேன்.

---

கண்ணாடிக்குடுவை

படிவத்தைப் பற்றி மறந்துவிடாதே மகளே. நம் ஊரில் அம்மை என்றால் எதுவும் அம்மைதான். தட்டம்மையும் அம்மை, புட்டாலம்மையும் அம்மை. 18 வயதுப் பெண்ணுக்கு மூன்று வயதில் வந்தது என்ன என்று எப்படித் தெரியும்? அவள் அம்மாவுக்குப் போன் போடச் சொல். "முத்து போட்டிருந்ததா? நீர் கோத்திருந்ததா? வேப்பிலையில் படுக்க வைத்தீர்களா? தலைக்குத் தண்ணீர் எத்தனை தடவை ஊற்றினீர்கள்?" என்று கேட்கச் சொல். தண்ணீர் ஊற்றிய கணக்கைத் தாய்மார் மறக்கவே மாட்டார்கள். "வரவே இல்லை" என்பவர்களிலும் பலருக்கு நாலைந்து கொப்புளத்தோடு தெரியாமல் வந்து போயிருக்கும். ஆகவே அந்த 19 பேரை உன் நெகட்டிவ் கன்ட்ரோல் (ஆன்டிபாடி இல்லாத ஒப்பீட்டுக் கூட்டம்) என்று வைத்துக்கொள்ளாதே. கிட் ஒன்றே ஒன்று வாங்கு, எல்லோருக்கும் வேண்டாம். எல்லைக்கோட்டில் நிற்பவர்களை மட்டும் அதில் ஒப்பிட்டுப் பார்.

---

வைகைக்கரை (ஐந்து வாரம் கழித்து)

வணக்கம். முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஹெக் செல் ஜிஇ 50 மைக்ரோகிராம் வாங்கினோம். ஜெல்லில் பட்டை நீங்கள் சொன்னபடியே அகலமாக, மங்கலாக நின்றது. பிஎன்கேஸ் போட்டதும் இறங்கியது. போட்டோ எடுத்து டேபிளுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். ரிட்டுக்சிமாப் குழி 0.09. அண்ணா, வாலைப் பிடிக்கவில்லை.

84 பேரையும் ஓட்டினேன். இந்த முறை இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கூட்டம் 0.2க்குக் கீழே, மற்றது 0.7க்கு மேலே, நடுவில் நாலைந்து பேர். தழும்புப் பெண் 2.3. அந்தக் குழி நிறம் மாறுவதை நின்றுகொண்டே பார்த்தேன்.

"வந்திருக்கிறது" என்ற 52 பேரில் 50 பேருக்கு இருக்கிறது. "வரவே இல்லை" என்ற 19 பேரில் 11 பேருக்கு இருக்கிறது. "ஞாபகமில்லை" 13ல் 9 பேருக்கு. மொத்தம் 14 பேருக்கு இல்லை. வந்திருக்கிறது என்று எழுதிவிட்டு இல்லாமல் போன அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் போன் போட்டோம். ஒருத்தியின் அம்மா தெளிவாகச் சொன்னார், அது மணல் மணலாக வந்த தட்டம்மை, நீர் கோக்கவில்லை, தலைக்கு ஒரே தண்ணீர்தான் ஊற்றினோம் என்று. இன்னொருத்தியின் அம்மா இல்லை. வளர்த்த சித்திக்குத் தெரியவில்லை.

கிட்டில் 24 பேரை ஓட்டினோம், இல்லாத 14 பேரும் நடுக்கோட்டுக்கு மேலே நெருங்கி நின்ற 10 பேரும். 22 பேருக்கு ஒத்துப்போகிறது. இரண்டு பேர் நம் தட்டில் இல்லை, கிட்டில் எல்லைக்கோட்டில். அவர்களையும் இல்லை என்றே எழுதினேன், கண்ணாடிக்குடுவை அம்மா சொன்ன அந்த நர்ஸை நினைத்துக்கொண்டு.

14 பேருக்கும் முதல் ஊசி போன வெள்ளிக்கிழமை போட்டாயிற்று. கர்ப்பம் இல்லை என்று ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்ட பிறகுதான். இரண்டாவது ஊசி ஆறு வாரம் கழித்து, அதன் பிறகுதான் குழந்தைகள் வார்டு.

என் அம்மாவிடம் டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். விலையைக் கேட்டுவிட்டு "அந்தக் காசுக்கு உனக்கு வளையல் எடுக்கலாம்" என்றார். பாட்டி சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஸ்டைபண்ட் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டார். அடுத்த மாதம் 5ஆம் தேதி போட்டுக்கொள்கிறார்.

புரதம் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, மைனஸ் 80ல் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து வைத்திருக்கிறேன். தென் மாவட்டங்களில் கிட் வாங்க முடியாமல் இதே வேலையைச் செய்கிற யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள். இரண்டு தட்டுக்கு ஆகிற அளவு ஐஸில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.